ரோஜா சோப்பில் சிக்கு வாடை

அந்த சோப்புத் தொழிற்சாலையில் அவளுக்கு மூக்கக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே சும்மா இருந்துவிடுவாள். அதற்காகப் பெரிய மூக்கு என்று கற்பனை செய்ய வேண்டாம். சின்ன, சப்பை மூக்குதான். ஆனால் அது சம்மதிக்காமல் ஒரு சோப்புக் கட்டியும் லாரி ஏறாது.

பள்ளிப் படிப்பை முடித்த கையோடு உறை சுற்றும் பகுதியில் சேர்ந்தவள். சேர்ந்த புதிதில் ஒருநாள், சுற்றிக்கொண்டிருந்த கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "இது கெட்டுப் போயிருக்கு" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சரக்கு கடைகளுக்குப் போய், கொஞ்ச காலத்தில் மஞ்சள் புள்ளி விழுந்து, போன வழியே திரும்பி வந்தது. எண்ணெய் கெட்டால் ஒரு வாடை வருமே, பழைய எண்ணெய்ப் பாத்திரத்தைக் கழுவாமல் மூடி வைத்தால் வருமே, அந்தச் சிக்கு வாடைதான் சோப்புக்கு எமன். எல்லோருக்கும் பிறகு தெரிந்தது அவளுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது. அன்றைக்கு அவளை உறை சுற்றும் பகுதியிலிருந்து தூக்கி, கூடத்தின் கோடியில் இருந்த சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான்.

அந்த அறையில் ஒரு மேஜை, ஒரு தண்ணீர்த் தொட்டி, கட்டியை அறுக்க ஒரு கம்பி, வெள்ளைத் துண்டுகள், இவ்வளவுதான். புதுச் சரக்கு வந்ததும் ஒரு கட்டியைக் கம்பியால் இரண்டாக அறுப்பாள். அறுத்த பக்கத்தை ஈரக் கையால் தேய்த்து முகர்வாள். ஒரு சோப்பை முகர்ந்த மூக்கில் அதன் வாசனை தங்கிவிடும், அடுத்த சோப்பு சரியாகத் தெரியாது. அதனால் இரண்டுக்கும் நடுவில் தன் முழங்கையை மடக்கி, உள்பக்கத் தோலை ஒருதரம் முகர்ந்துகொள்வாள். தன் உடம்பு வாசனை தனக்குத் தெரியாது இல்லையா, அதில் மூக்கு இளைப்பாறிக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்கு அவள் கையில் மூக்கைத் துடைத்துக்கொள்வதுபோல் இருக்கும். புதிதாக வந்த மேனேஜர் முதல் நாள் தன் கைக்குட்டையை நீட்டி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஆமாம், கோபம் அவளுக்கு மூக்கின் மேலேயே இருந்தது. தான் சொன்னது தப்பு என்று அவள் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. தப்பாகச் சொன்னால்தானே ஒப்புக்கொள்ள என்பாள்.

வீட்டில் மூன்று பேர். கணவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களில் பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கூச்சல் போடுகிறவர்களிடம், "பயப்படாதீங்க, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதே நிதானத்தில் பேசுகிறவர். மாமியார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். படியில் தொங்குகிறவர்களை உள்ளே தள்ளியே பழகிய குரல் அது. அவர் சமையலறையில் ரகசியம் பேசினால் எதிர் வீட்டில் பதில் சொல்வார்கள்.

இந்த மூன்று பேருக்கும் நடுவில் ஒரு சட்டம் இருந்தது. போட்டவள் மூக்கக்காதான்.

கல்யாணமாகிப் பல வருஷங்களில் இரண்டு தடவை அவள் உண்டானாள். இரண்டும் தங்கவில்லை. முதல் தடவை வீட்டிலேயே போயிற்று. இரண்டாம் தடவை ஸ்கேன் எடுக்கப் படுத்திருந்தபோது, அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்த டாக்டர் பேச்சை நிறுத்தினார். திரையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "துடிப்பு வரலைம்மா" என்றார். அந்த மௌனத்தை அவள் மறக்கவே இல்லை. அதற்குப் பிறகு சிகிச்சை, மாத்திரை, ஊசி என்று நடந்த காலத்தில் மாதா மாதம் நாள் எண்ணினாள். ஒருநாள் தள்ளினால் வீடே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒருநாள் குளியலறையிலிருந்து அவள் வெளியே வரும் முகத்தைப் பார்த்தே எல்லோரும் மூச்சை விட்டுவிடுவார்கள். கடைசியில் ஒரு காலையில் சமையலறைச் சுவரிலிருந்த காலண்டரை ஆணியோடு பிடுங்கிக் கீழே வைத்தாள்.

"இனிமே இந்த வீட்டுல யாரும் நாள் எண்ண வேண்டாம். அந்தப் பேச்சே எடுக்க வேண்டாம். நானா சொல்லாம யாரும் என்கிட்ட கேக்கவும் வேண்டாம். என்னால முடியல."

கணவர் தலையாட்டினார். மாமியார் அந்தச் சட்டத்தைத் தெரு வரைக்கும் கொண்டுபோனார். வாசலில் நின்று, "எங்க வீட்டுல வந்து 'விசேஷம் உண்டா'ன்னு கேக்கறவங்களுக்கு இனிமே காப்பி கிடையாது" என்று அறிவித்தார். தெரு அடங்கிவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, அந்த மாமியாரைப்போல ஒருத்தர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

இப்படியே வருஷங்கள் ஓடி, அவளுக்கு நாற்பது நெருங்கியது. நாள் எண்ணாத வீட்டில் நாள் தள்ளிப்போனது யாருக்குத் தெரியும்? அவளுக்கு முன்னேபின்னே ஆவதும் வழக்கம்தான். அந்த மாதம் லேசாக ஒரு கறை பட்டது. வந்தாயிற்று, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள். இவ்வளவு கொஞ்சமா என்று ஒரு கணம் தோன்றியது. வயசாகிறதே, எல்லாம் நிற்கிற காலம் வருகிறது என்று அதற்கும் தானே பதில் சொல்லிக்கொண்டாள்.

உடம்பு அதற்கப்புறம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தது. அவளிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் தயாராக இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனாள். பஸ்ஸில் காற்றோட்டம் சரியில்லை என்றாள். மார்பு கனத்து, தோள்பை வார் பட்டாலே வலித்தது. துவைக்கிற சோப்பு மட்டம், ரவிக்கையைச் சுருக்கிவிட்டது என்றாள். அது வேறு கம்பெனி சோப்பு, அதனால் திட்டுவதில் தனி சந்தோஷம். வேலைக்கு நடுவில் அடிக்கடி பாத்ரூமுக்கு ஓடினாள். பழி தண்ணீரின் மேல் போயிற்று. காலையிலிருந்து வாயில் பித்தளைச் சாவியைப் போட்டு ஊற வைத்தாற்போல் ஒரு ருசி. பழி பற்பசையின் மேல். டீவியில் மிக்ஸி விளம்பரத்தில் ஒரு அப்பா மகளுக்குப் பழச்சாறு போட்டுக் கொடுப்பதைப் பார்த்து விக்கி விக்கி அழுதாள். அதற்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. சேனலை மாற்றிவிட்டாள்.

மற்ற இரண்டு பேருக்கும் கண் இருந்தது. கணவர் இப்போதெல்லாம் வெளியே குழாயடியிலேயே கிரீஸ் போகக் கைகால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அவள் எழுந்திருப்பதற்குள் தண்ணீர்க் குடங்கள் நிரம்பி மேடையில் ஏறியிருந்தன. மாமியார் அவள் பஸ் ஏறிய பிறகுதான் பாலைக் காய்ச்சினார். இருவரும் ஒருநாள் மாடிப்படியில் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் வந்ததும், கண்டக்டர் குரல் கப்பென்று நின்றது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சட்டம் என்றால் சட்டம்தான்.

அப்போதுதான் ரோஜா சோப்பு வந்தது.

தொழிற்சாலையின் பெரிய சரக்கு அது. எண்ணெய்களையும் வாசனைகளையும் அளந்து கலக்கிறவர், எல்லோரும் 'கலவைக்காரர்' என்று கூப்பிடுகிற மனிதர், அதற்காக மாதக்கணக்கில் மெனக்கெட்டிருந்தார். லாரி வாசலில் நின்றது. மூக்கக்கா கட்டியை அறுத்தாள், தேய்த்தாள், முகர்ந்தாள். முகம் கோணியது.

"இது போகாது. சிக்கு வாடை."

கலவைக்காரர் அறைக்கே வந்துவிட்டார். "எதுலம்மா சிக்கு? எண்ணெய் நேத்து வந்தது. நானே பாத்து இறக்கினேன்."

"எனக்குத் தெரியாது அண்ணே. அடிக்குது."

மேனேஜர் முகர்ந்தார். உறை சுற்றும் பெண்கள் வரிசையாக வந்து முகர்ந்தார்கள். ரோஜா வாசனையைத் தவிர யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் முன்பு சிரித்தவர்கள் மூக்குடைபட்ட கதை அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். லாரி காலியாகத் திரும்பியது. கலவைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி காய்ச்சினார். அதுவும் ஆகாது என்றாள். எண்ணெயையே மாற்றிக் காய்ச்சினார். அதற்கும் ஆகாது என்று தலையை ஆட்டிவிட்டாள். கூடத்தின் நடுவில் ரோஜா சோப்பு மலைபோல் குவிந்தது. உறை சுற்றும் பெண்கள் மட்டும் வேலையில்லாமல் கதை பேசிக்கொண்டு, இந்த ஏற்பாடு நன்றாகத்தான் இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் மேனேஜர் தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னார். அவள் தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது. சில கட்டிகளைக் காகிதத்தில் மறைத்துக் கொடுப்பார்கள். எது என்ன என்று தெரியாமல் அவள் முகர்ந்து சொல்ல வேண்டும்.

"தாராளமா குடுங்க" என்றாள் மூக்கக்கா. அவளுக்கு என்ன பயம்?

முதல் கட்டி, சிக்கு. இரண்டாவது, சிக்கு. மூன்றாவதை முகர்ந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். எல்லாமே கெட்டது, ஒன்றுகூடத் தேறாது என்றாள். கலவைக்காரர் காகிதங்களைப் பிரித்தார். ஒன்றுதான் புது ரோஜா. மற்றவை அலமாரியில் மாதிரிக்காக எடுத்து வைத்திருந்த பழைய சரக்கு. அவளே முகர்ந்து, அவளே சரி என்று சொல்லி, ஊரெல்லாம் தேய்த்துக் குளித்து ஒரு குறையும் வராத சோப்பு. அதில் ஒன்று வாசனையே சேர்க்காத ரகம்.

கலவைக்காரர் ஜெயித்த முகத்தோடு நிமிர்ந்து பார்த்திருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு காகிதங்களைச் சுருட்டினார். அவளால் அதைத் தாங்க முடியவில்லை.

"அக்கா, கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கங்க. உடம்பு சரியில்லாம இருக்கும்" என்றார் மேனேஜர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது பழக்கதோஷத்தில் முழங்கையை மடக்கி முகர்ந்தாள். தூக்கிவாரிப் போட்டது. அங்கேயும் ஏதோ வாடை. தன் உடம்பிலேயே தனக்குப் பழக்கமில்லாத வாசனை. அவள் தொழில் முழுவதும் அந்தத் தோலை நம்பி நடந்தது. அதுவே மாறிவிட்டதென்றால் மூக்கு முடிந்துபோயிற்று என்றுதான் அவளுக்குத் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை. சோப்பில் குறை தேடிய மாதிரி தன்னிடமும் கெட்டுப்போனதையே தேடினாள்.

நடுப்பகலில் அவள் வீட்டுக்கு வருவாள் என்று யார் கண்டார்கள்? மாமியார் ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்து நிம்மதியாக வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். வாசலில் கால் வைத்தவள் பையைப் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஓடினாள். வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

வாயைக் கொப்பளித்துவிட்டு அவள் தரையிலேயே உட்கார்ந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"என் மூக்கு போச்சு அத்தை. உங்களுக்கு முன்னாடியே தெரியும் இல்ல? ரெண்டு பேரும் மாடிப்படியில குசுகுசுன்னு பேசினீங்களே. என்னைப் பாத்துப் பரிதாபப்பட்டுத்தான் குடம் தூக்கி வைக்கிறீங்க. நான் ஒண்ணுக்கும் ஆகாதவளாயிட்டேன்."

மாமியார் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். நிறைந்த பஸ்ஸைக் கூச்சலாலேயே நிறுத்திய அந்தக் குரல் இப்போது தயங்கித் தயங்கி வந்தது.

"நான் ஒண்ணு சொல்லணும். ஆனா சட்டம் போட்டது நீ. நீ உத்தரவு குடுத்தாத்தான் சொல்லுவேன்."

"என்ன சட்டம்?"

"காலண்டரைப் பிடுங்கினியே, அந்தச் சட்டம்."

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது முகம் வெளுத்தது. வேண்டாம் என்று கையை உயர்த்தினாள். ஆனால் சொல்ல வேண்டாம் என்று வாயால் சொல்லவில்லை. மாமியாருக்கு அது போதும்.

"உன் மூக்கு எங்கயும் போகல. ரெண்டு பேருக்கு வேலை செய்யுது. அதான் தாங்கல. பால் வாடை புடிக்கல, கிரீஸ் வாடை புடிக்கல, வெங்காயம் புடிக்கல. பஸ்ஸுல தூங்கற. விளம்பரம் பாத்து அழுவற. நான் ஒருத்தனைத்தான் பெத்தேன், ஆனா அந்த மசக்கையை மறப்பேனா? வாயை மூடிட்டு இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எனக்குப் பழக்கமும் இல்ல."

"வேண்டாம் அத்தை" என்றாள். இந்தத் தடவை வாயாலேயே சொன்னாள். "வயசு ஆயிருச்சு. எல்லாம் நிக்கிற காலம் இது. போன மாசம் வந்துச்சே."

"எவ்வளவு வந்துச்சு?"

அந்த லேசான கறை அவளுக்கு நினைவுக்கு வந்தது. கூடவே வந்தது பயம்தான், வேறொன்றுமில்லை. வருஷக்கணக்காகச் சுமந்து, போராடி இறக்கி வைத்திருந்த ஆசை. அதை மறுபடி தூக்கிக்கொள் என்கிறார்களே என்று அவளுக்கு ஆத்திரமாகக்கூட வந்தது.

மாமியார் போன் செய்ததில் கணவர் பாதி வேலையில் வந்து சேர்ந்தார். எந்தக் கட்டடத்தில் யார் படியேறி அவஸ்தைப்பட்டார்களோ தெரியாது. நேராகத் தன் கருவிப் பையைத் திறந்து, திருப்புளிகளுக்கும் ஸ்பேனர்களுக்கும் அடியிலிருந்து, கிரீஸ் படாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். மருந்துக் கடையில் விற்கும் கர்ப்பப் பரிசோதனைக் கிட்.

"எப்ப வாங்கினீங்க?"

"முட்டை நாறுதுன்னு நீ தட்டைத் தள்ளி வெச்ச அன்னிக்கு."

"கேக்கவே இல்ல."

"நீ கேக்கக் கூடாதுன்னு சொன்னே."

குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது அவள் கையில் இரண்டு கோடு இருந்தது. மங்கலாக இல்லை, அழுத்தமாக. மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டார். கணவர் அவளைப் பார்த்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"கோடு எனக்குப் புதுசில்ல" என்றாள். "ரெண்டு தடவையும் கோடு வந்துச்சு. துடிப்புதான் வரல. அதைப் பாக்காம இந்த வீட்டுல யாரும் சந்தோஷப்பட வேண்டாம்."

மறுநாள் காலை மூன்று பேரும் மகப்பேறு மருத்துவரைப் பார்க்கப் போனார்கள். முன்பு போன இடத்துக்கு அவள் வரமாட்டேன் என்றுவிட்டாள். இது வேறு மருத்துவமனை, வேறு டாக்டர். கண்ணாடி போட்ட, நிதானமான பெண்மணி. கடைசியாக எப்போது என்று டாக்டர் கேட்டதற்கு மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்க வீட்டுல காலண்டர் இல்ல டாக்டர்" என்றார் கணவர்.

டாக்டர் இதுவரை கேட்ட பதில்களில் இது புதிது. "பரவாயில்ல. ஸ்கேன் சொல்லிடும், வாங்க" என்றார்.

அவள் படுத்தாள். விளக்கு மங்கியது. ஜில்லென்ற களிம்பு வயிற்றில் பட்டது. டாக்டர் கருவியை வைத்துத் திரையைப் பார்த்தார். பேசவில்லை. இந்த மௌனம் அவளுக்குத் தெரியும். இதற்குப் பின்னால் என்ன வரும் என்றும் தெரியும். கண்ணை இறுக மூடிக்கொண்டு கணவரின் சுண்டுவிரலைப் பிடித்தாள். பிடித்த பிடியில் அது பல நாள் வீங்கிக் கிடந்தது.

"கண்ணைத் திறங்கம்மா" என்றார் டாக்டர். "இதோ, இந்தப் புள்ளி. பாருங்க."

சாம்பல் நிறத் திரையில், கறுப்பு வட்டத்துக்குள் பயறு அளவுக்கு ஏதோ. அதன் நடுவில் ஒன்று மின்னி மின்னி அடித்துக்கொண்டிருந்தது. நிற்கவில்லை. அவள் பார்க்கப் பார்க்க அடித்துக்கொண்டே இருந்தது.

"துடிக்குதா?"

"நல்லாத் துடிக்குது."

அவள் அழுதாள். அழுகைக்கு நடுவில் சிரித்தாள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவள் ஒருநாளும் இருந்ததில்லை. கணவர், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களையெல்லாம் சமாதானம் செய்கிற மனிதர், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினார்.

டாக்டர் எல்லாவற்றையும் விளக்கினார். ஆரம்ப மாதங்களில் வாசனைகள் பலருக்குத் தாங்காது, பிடித்ததே கெட்ட வாடையாகத் தெரியும். வாயில் உலோக ருசி, தூக்கம், மார்பு வலி, அடிக்கடி சிறுநீர், அழுகை, எல்லாம் இதில் வருவதுதான். எல்லோருக்கும் எல்லாமும் வரும் என்றில்லை. லேசாகப் பட்ட கறையை மாதவிலக்கு என்று நினைத்து ஏமாறுகிறவர்களும் நிறையப் பேர். "இனிமே அப்படிக் கறை பட்டா நீங்களா ஒரு காரணம் கண்டுபுடிக்காதீங்க. உடனே இங்க வந்துடுங்க. வயிறு கடுமையா வலிச்சாலும், குடிச்ச தண்ணிகூட நிக்காம வாந்தி எடுத்தாலும் அப்படித்தான்" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். "இன்னும் ஆரம்பம்தான். ஆனா துடிப்பு வந்தது ரொம்ப நல்ல சேதி."

வெளியே நடைகூடத்தில் மாமியார் நாற்காலியில் உட்காராமல் நடந்துகொண்டிருந்தார். துடிக்கிறது என்று அவள் தலையை ஆட்டினாள். பல வருஷமாகப் பூட்டி வைத்த குரல் அங்கே திறந்துகொண்டது. மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். பிறகு மாமியாருக்கே பயம் வந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"மூணு மாசம் வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்வாங்களேம்மா. நான் பாட்டுக்குக் கத்திட்டேனே."

"கத்துங்க அத்தை" என்றாள் அவள். "போன ரெண்டையும் வெளிய யாருக்கும் சொல்லாம வெச்சிருந்தேன். போனப்ப அழறதுக்குக்கூட நம்ம மூணு பேரைத் தவிர ஆள் இல்ல. பேசாம இருந்தா பத்திரமா இருக்கும்னு நினைச்சது என் முட்டாள்தனம். நாளைக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. அழ வேண்டி வந்தா எல்லாரோடயும் சேந்து அழறேன். இன்னிக்குத் துடிக்குது. இன்னிக்கு நான் சொல்லத்தான் போறேன்."

வீட்டுக்குப் போகிற வழியில் அவள் தொழிற்சாலை நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள். மற்ற இருவரும் பின்னாலேயே இறங்கினார்கள், வேறென்ன செய்ய?

கூடத்தில் இயந்திரம் ஓடவில்லை. ரோஜா சோப்பு மலை அப்படியே இருந்தது. அதைச் சுற்றி மேனேஜர், கலவைக்காரர், உறை சுற்றும் பெண்கள். எல்லாவற்றையும் உருக்கிவிடுவதா, வேறு ஆளை வைத்து முகர்ந்து பார்ப்பதா என்று பேச்சு. அவள் நேராகக் கலவைக்காரர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, உங்க சோப்புல ஒரு குறையும் இல்ல. நான் சொன்னது தப்பு."

மேனேஜர் தன் காதை நம்பாமல் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அங்கே யாரும் கேட்டதில்லை.

கலவைக்காரர் லேசில் விடுகிற ஆள் இல்லை. தன் உழைப்பை மூன்று தடவை குப்பை என்று சொன்னவள். "சரிம்மா. மூணு தடவையும் தப்புன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கணுமே. காரணம் என்ன?"

அவள் காரணத்தைச் சொன்னாள். கூசவில்லை, குரலைத் தாழ்த்தவில்லை. கோடியில் இருந்த தன் அறைக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

அவள் சிகிச்சைக்கு அலைந்தது மட்டும் அந்தக் கூடத்துக்குத் தெரியும். மூன்று தடவையும் சேர்த்து வைத்த ரோஷம் கலவைக்காரர் முகத்திலிருந்து இறங்கிப் போயிற்று.

"இந்தக் காரணத்துக்காக நீ என் சோப்பை எத்தனை தடவை வேணும்னாலும் கெட்டதுன்னு சொல்லலாம்மா" என்றார். பிறகு திரும்பி, "மெஷினைப் போடுங்கப்பா" என்றார்.

இயந்திரம் ஓடத் தொடங்கியது. ரோஜாக் கட்டிகள் வரிசையாக நகர்ந்து வந்தன. உறை சுற்றும் பெண்கள் கைகளைத் துடைத்துக்கொண்டு இடத்தில் உட்கார்ந்தார்கள். கூடம் முழுக்க வாசனை எழுந்தது. மற்றவர்களுக்கு அது ரோஜா. அவளுக்கு அப்போதும் பச்சைச் சிக்கு வாடைதான். பக்கத்தில் உடைந்த கட்டிகளைப் போடும் காலித் தொட்டி ஒன்று இருந்தது. இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எல்லோர் முன்னிலையிலும், சத்தமாக வாந்தி எடுத்தாள்.

முதலில் யார் கை தட்டியது என்று தெரியவில்லை. கலவைக்காரராகத்தான் இருக்க வேண்டும். அடுத்து உறை சுற்றும் பெண்கள் தட்டினார்கள், மேனேஜர் தட்டினார். மாமியாரின் குரல் இயந்திரச் சத்தத்தையும் தாண்டி மேலே போனது. கணவர் ஓடி வந்து முதுகைத் தடவினார். அவள் நிமிர்ந்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"தண்ணி குடுங்க" என்றாள். "இன்னும் வரும்போல இருக்கு."